ஆறாவது பேனா

வெள்ளிக்கிழமை சல்மாபாதில்
எங்கள் பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறும்.
குனிந்து உள்ளே போய்
கழிவுத் தொட்டியில் கைவிடுவேன்.
பதினாறு மில்லி அலுமினியக் கம்பி, ஒரு சாண்,
நுனியில் யாரோ பச்சை மார்க்கரில்
பெருக்கல் குறி போட்டது.
எனக்கு அது போதும்.

கடைந்தெடுக்க முக்கால் மணி நேரம்.
தேய்த்தெடுக்க மூன்று மணி.

நானூறாம் நம்பர் தாள், தண்ணீரில் நனைத்து.
லேத் விட்ட வரிகள் போகும்,
தாள் விட்ட வரிகள் வரும்.
எண்ணூறு அதை அழித்துத் தன்னுடையதை எழுதும்.
ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம்.
கீறல் எங்கும் போய்விடுவதில்லை,
கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சின்னதாகிறது.
அதற்குப் பேர் பளபளப்பு.

அப்புறம் பசை, பழைய பனியன் துணி.
வெள்ளிபோல் இருக்கிற உலோகத்துக்குள்
இவ்வளவு கரி எங்கே இருந்ததோ,
கல்யாண அண்டா துலக்கியவன் மாதிரி
மணிக்கட்டு வரை கறுத்துவிடுவேன்.
ரொடெல் சிரிப்பான்:
பேனா குளித்துவிட்டது, நீ எப்போது?

ஐந்து கொடுத்தாயிற்று.
ஒன்று ரொடெலுக்கு. அவன் அதில் எழுதுவதே இல்லை,
சட்டைப்பையில் செருகிக்கொண்டு கடைவீதி போகிறான்.
ஒன்று முஹரக்கில் நர்ஸ் பெனிட்டாவுக்கு.
ஸ்பிரிட் பட்டுப் பட்டு மெழுகு போய்
மாதம் ஒருமுறை என்னிடம் திரும்பி வரும் அது.
மற்ற மூன்று, விற்ற காசோடு சரி.

ஆறாவது, டைம்கீப்பர் கோமதிநாயகம் கேட்டது.
காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை.
ஓவர்டைம் தாளில் கையெழுத்துப் போடுகிறவரிடம்
யார் கேட்பார்கள்.

ஆகஸ்டு.
காற்றைப் பிழிந்தால் உப்புத் தண்ணீர் சொட்டும்.
பத்தே நாளில் மேஜைமேல் கொண்டுவந்து போட்டார்:
என்னய்யா பேனா இது,
சட்டை கறுப்பு, விரல் கறுப்பு,
பைல் தொட்டால் பைல் கறுப்பு.
மெழுகு பூசித்தான் கொடுத்தேன் சார்,
வேர்க்கிற கை அதைத் தின்றுவிடும் என்றேன்.
அலுமினியம் தானே ஒரு தோல் போட்டுக்கொள்ளும்,
தேய்த்தால் உங்களோடு வந்துவிடும்,
மறுபடி போட்டுக்கொள்ளும் என்பதை
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கட்டைவிரல் உட்காரும் இடம் மட்டும்
புரை விழுந்த கண் மாதிரி மங்கியிருந்தது.

அன்று சாயங்காலம்
தண்ணீர்க் கூலருக்கு மேலே ஓவர்டைம் தாள்.
நாற்பத்திரண்டு பேர், நீல மை, சுத்தமான எழுத்து.
இருதயராஜ், நாலு.
ஷாநவாஸ், ஐந்து, அடித்து, மூன்று.
எனக்கு ஆறு, அடித்து, நாலு.
அடித்த வரிசைகள் மொத்தம் எட்டு.
என்னுடையதற்குப் பக்கத்தில் மட்டும்
ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் தடம்.
மை இல்லை, கிரீஸ் இல்லை.
எனக்குத் தெரியாதா அந்தக் கறுப்பை.
பேனா பிடித்த விரல் தாளில் இறங்கி
உடனே எழும்பாமல் இருந்த தடம்.

அங்கே கொஞ்சம் நின்றிருக்கிறார்.
நின்று என்ன, வெட்டத்தான் வெட்டினார்.
ஷாநவாஸுக்கு அதுகூட இல்லை.
ஆனாலும் நின்றிருக்கிறார்.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடி
நானூறிலிருந்து.
ஹேர் டிரையரில் சூடு காட்டி
மெழுகை விரல்நுனியால் பூசி, காயவிட்டு, துடைத்து,
திரும்பவும் பூசி,
மூடி, கிளிப், மரை ஓடும் பள்ளம்வரை
நாலு பூச்சு.
உப்பு இனி வழுக்கிக்கொண்டு போகும்.
சட்டைப்பை வெள்ளையாகவே இருக்கும்.

கட்டைவிரல் உட்காரும் இடத்தில்
முதலிலேயே ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தேன்.
எல்லாம் முடிந்ததும் உரித்தேன்.
வெறும் அலுமினியம்.

சனிக்கிழமை காலை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
இனிமேல் கறுக்காதே?

பார்க்கலாம் சார் என்றேன்.